தலைக்கணக்கு

மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றோரை எழுதித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆடவர் 1,500 பேர் என்று புகாரீயில் காண்கிறோம்.

நம் திருப்பாச்சூர் அடங்கிய செங்கற்பட்டு ஜாகீரில், பொறியாளர் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, வீடுகளையும் எண்ணினார். பண்டை நாடுகளின் மக்கள்தொகை என நாம் படிப்பன பெரும்பாலும் இத்தகைய வீட்டுக் கணக்கையோ வரிக் கணக்கையோ பெருக்கிக் கண்ட மதிப்பீடுகளே.

சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு சுமார் 3 கோடியே 12 லட்சம். 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சம். பெருக வேண்டிய தொகை குறைந்ததேன்? இடையே தாது வருஷப் பஞ்சம் வந்து போயிற்று. மாண்டோரில் பலருக்கு அக்குறைவு ஒன்றே சாட்சி.

ஆதலின், கணக்கெடுப்போர் வாசலுக்கு வருங்கால், முதியவர், பச்சிளங்குழந்தை எவரையும் விடாது சொல்லுதல் நம் கடமையாகும்.