நிபந்தனைக்கு வருதல்

தப்ப முடியாத ஒரு கஷ்டத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பதைச் சொல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் வைத்திருக்கும் தொடர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அவற்றில் பல வீட்டுப் பேச்சிலிருந்து வந்தவையாக இல்லை. பாசறை, தண்டனைக் களம், குத்துச்சண்டை மேடை ஆகிய இடங்களின் வாடை அவற்றில் இருக்கிறது. குண்டைக் கடி என்கிறார்கள். தாடையில் வாங்கிக்கொள் என்கிறார்கள். வாத்தியத்துக்கு முகம் கொடு என்கிறார்கள். நிபந்தனைக்கு வா என்கிறார்கள். இந்தக் கடைசித் தொடர்தான் என் விஷயம். திண்டுக்கல் சீமை கும்பினியின் கைக்கு வந்ததே அந்த வழியாகத்தான்.

குண்டைக் கடிப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் கதை, மயக்க மருந்து இல்லாத காலத்தில் கை கால் வெட்டும்போது சிப்பாயின் வாயில் ஈயக் குண்டைக் கொடுத்தார்கள் என்பது. எழுத்தில் கிடைக்கிற பழைய சாட்சியம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியில், 'நைட்டிங்கேல்' என்ற பறவையின் பெயருக்குக் கசையடி வாங்கும்போது அலறுகிற சிப்பாய் என்று அர்த்தம் தரப்பட்டிருக்கிறது. அலறாமல் இருப்பது சில படைப்பிரிவுகளில் கௌரவம். அந்தக் கௌரவத்துக்காகக் குண்டை மென்றார்கள் என்கிறது குறிப்பு. ஆக, அந்த வலியைத் தந்தவன் சிப்பாயின் சொந்த மேலதிகாரி. நூறு வருஷம் கழித்து, பம்பாயில் பிறந்த கிப்ளிங், 1891இல் வந்த ஒரு நாவலில் இதையே மன உறுதிக்கான அறிவுரையாக்குகிறார். கசையும் காணோம், அடித்தவனும் காணோம். பல்லும் குண்டும் மிச்சம்.

'கம் டு டெர்ம்ஸ்' என்ற தொடருக்கும் இதே கதிதான். 'டெர்ம்ஸ்' என்பது உடன்படிக்கையின் ஷரத்துகள். முற்றுகையிடப்பட்ட கோட்டை அதற்கு வரும். தோற்ற அரசன் வருவான். இன்றைக்கு ஒருவர் தம் தாயின் சாவோடு, தம் நோயோடு அப்படி வந்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொல்கிறார். சாவு யாரிடமும் ஷரத்து எழுதி நீட்டுவதில்லை. ஆனாலும் எதிரே ஒரு தரப்பு உட்கார்ந்திருப்பது போலவும், நாம் கையெழுத்துப் போட்டுவிட்டால் சண்டை முடிந்துவிடும் என்பது போலவும் அந்த மொழி நினைக்க வைக்கிறது.

திண்டுக்கல்லில் எதிர்த் தரப்பு நிஜமாகவே இருந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டை இன்னும் பாறைமேல் நிற்கிறது. 1755இல் ஹைதர் அலி மைசூரின் பௌஜ்தாராக இங்கே வந்தார். 1783இல் கும்பினிப் படை கோட்டையைப் பிடித்தது. 1784இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடம் திருப்பிக் கொடுத்தது. 1790இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை மறுபடியும் பிடித்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு நிபந்தனைக்கு வந்தார்: ராஜ்யத்தில் பாதி, 3 கோடியே 30 லட்ச ரூபாய், பிணையாக இரண்டு பிள்ளைகள். கும்பினிக்குக் கிடைத்த பங்கில் பாராமகாலோடும் மலபாரோடும் திண்டுக்கல்லும் சேர்ந்திருந்தது.

பத்து வருஷத்துக்குள் ஒரே ஊர் பிடிபட்டது, திரும்பிப் போனது, மறுபடி பிடிபட்டது, கடைசியில் எழுதிக் கொடுக்கப்பட்டது. சுற்றியிருந்த சமவெளியில் கம்பும் சோளமும் விதைத்தவன் யாருடைய நிபந்தனைக்கும் வரவில்லை. வரும்படி அவனை யாரும் கேட்கவுமில்லை. அவனும் அவன் காடும் அந்த ஷரத்தின் உள்ளடக்கம்.

வர மறுத்தவர்களுக்கு என்ன பெயர் கொடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பழனி மலை அடிவாரத்தில் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் கும்பினிக்கு எதிராகக் கூட்டணி திரட்டினார். சிவகங்கை வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்த பாளையம் அது. 1801இல் அவரைப் பிடித்துத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். அந்தக் குளக்கரை கோபாலசமுத்திரம் என்ற பெயரில் ஊருக்குள் இருக்கிறது. கும்பினிக் காகிதங்கள் இந்த மாதிரிப் பாளையக்காரர்களை 'ரிஃப்ராக்டரி' என்று எழுதின. சொன்னபடி கேளாதவன் என்று அர்த்தம். உலையில் எளிதில் உருகாத கனிமத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். கும்பினியின் ஆட்சி இங்கே ஒரு யதார்த்தமாகிவிட்டது; அதை ஒப்புக்கொள்ளாதவன் பதப்படாத பொருள். ஒப்புக்கொள்ளாமைக்கு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதற்கு அந்தச் சொல்லுக்குள் இடமில்லை.

அதன் பிறகு ஒப்புதல் காகிதத்துக்கு வந்தது. நில அளவை, தீர்வை, பட்டா. பட்டாவுக்குப் பதிலாகக் குடியானவன் எழுதிக் கொடுக்க வேண்டிய முச்சலிக்கை. 'இதற்கு நான் சம்மதித்தேன்' என்பதுதான் அதன் சாரம். பாரசீகத்திலிருந்து வந்த ராஜினாமா என்ற சொல்லையும் இங்கே கவனிக்கலாம். ராஜி என்றால் இணக்கம். ராஜினாமா என்றால் இணக்கப் பத்திரம். அது தமிழில் விட்டுப்போவதற்கான பத்திரமாக முடிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வேலையை விடுவதற்கும் விதிக்குத் தலை சாய்ப்பதற்கும் ஒரே வினைச்சொல் இருப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டு மொழிகளிலும், ஆளப்படுகிறவனின் சம்மதம் விலகலுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறது.

1876–78 பஞ்சத்தில் இந்த மொழியின் முழு உருவம் தெரிந்தது. திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் ஒரு தாலுக்கா. பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், அதற்கு முன்பு பிகார்ப் பஞ்சத்தில் அதிகம் செலவழித்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவர். இம்முறை சிக்கனத்தோடு வந்தார். நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். உழைக்கிற உடம்புக்கு இது காணாது என்று சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். 1877இலேயே கூலி உயர்த்தப்பட்டது. கஜானாவின் நிலையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது என்பது ஒரு தரப்பு. அந்த ஒப்புதலின் விலையைக் கட்டியது வேறு உடம்பு. இந்தப் பஞ்சத்தைப் பற்றி வில்லியம் டிக்பி 1878இல் எழுதிய பெரிய நூல் அரசை நிறையவே கண்டிக்கிறது. ஆனால் அதன் தலைப்பிலும் 'கேம்பெய்ன்' என்ற படைத்துறைச் சொல் இருக்கிறது.

நம் பக்கத்தில் அதற்குத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர். சிவகங்கை வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' 1899இல் அச்சானது. பஞ்சத்தில் அடிபட்டவர்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் முறையிடுகிறார்கள். அவர் தம்மால் ஆகாது என்று சொல்லி, சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புகிறார். நிலைமையை ஒப்புக்கொள்கிறவர் இங்கே கடவுள். ஜனங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடக்கிறார்கள். ஆங்கிலத் தொடர்கள் எதிலும் இந்தக் காட்சிக்கு இடம் கிடையாது.

தமிழ் வினைகளைப் பார்ப்போம். பொறுத்துக்கொள், தேற்றிக்கொள், ஒத்துக்கொள், ஏற்றுக்கொள். எல்லாம் 'கொள்' என்பதில் முடிகின்றன. செய்கை செய்கிறவனிடமே திரும்புகிறது. குண்டுக்குச் சமமாக நம்மிடம் இருப்பது பல்லைக் கடித்துக்கொள்வது. கடிபடுவது நம் சொந்தப் பல்லேதான். திண்டுக்கல் பக்கத்தில் சாவு வீட்டில் பெரியவர்கள் சொல்வது, 'ஆகவேண்டியதைப் பாருங்கப்பா' என்பது. இதில் சாவு ஒரு தரப்பாக வந்து உட்காருவதில்லை. மனநிலையைப் பற்றிய உத்தரவும் இல்லை. மூங்கில் வெட்ட ஒரு ஆள் போக வேண்டும், வெளியூருக்குச் சொல்லிவிட ஒரு ஆள் போக வேண்டும், அவ்வளவுதான். ஒப்புக்கொள்வது வேலைக்குள்ளேயே நடந்துவிடுகிறது.

இதை வைத்துத் தமிழ் மனம் உயர்ந்தது என்று முடிவு கட்டுவது அபத்தம். தலையெழுத்து என்ற சொல்லும் நம்முடையதுதான். அதை யார் யாரைப் பார்த்துச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் ஷெட்டுகளின் கழிவால் கிணறுகள் உப்பாயின. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிலைப் பற்றித் தீர்ப்பளித்தபோது, தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட ஷெட்டுகள் இருந்த ஐந்து மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அதற்கு முன்பு எத்தனை வருஷங்கள், தொழில் என்று இருந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள் என்று நல்ல தமிழிலேயே சொல்லப்பட்டது! அந்தத் தமிழின் வாக்கிய அமைப்பு 1792இலிருந்து வருகிறது.

நம் விமர்சனத்தில் 'யதார்த்தத்தை எதிர்கொள்ளுதல்' என்ற பிரயோகம் தாராளமாகப் புழங்குகிறது. நானும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுத வேண்டிவரும். அதன் இரண்டு சொற்களும் நம்முடையவை, அர்த்தம் மட்டும் அங்கிருந்து வந்தது. இந்த ஊர்ப் பேச்சில் 'எதார்த்தமாச் சொன்னேன்' என்றால் உள்நோக்கமில்லாமல் சொன்னேன் என்று பொருள். எதிர்கொள்ளுதல் பழைய தமிழில் விருந்தினரை முன்சென்று வரவேற்பது. வெகுளித்தனத்தையும் வரவேற்பையும் சேர்த்து முறைப்பான ஒரு தொடரைச் செய்து வைத்திருக்கிறோம். இதில் தப்பில்லை, மொழி அப்படித்தான் வளர்கிறது. ஆனால் ஒரு கதையையோ கவிதையையோ பார்த்து, இது யதார்த்தத்தை எதிர்கொள்ளவில்லை என்று எழுதும்போது, யாருடைய ஷரத்தை அதன்முன் நீட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்தாளன் நிபந்தனைக்கு வர வேண்டியவன்தானா? சாவு, முதுமை, மழை பொய்ப்பது, இவற்றுக்கு முன்னால் அவனும் ஆகவேண்டியதைப் பார்க்கத்தான் வேண்டும். ஒருவன் எழுதி இன்னொருவன் முன் வைத்த நிலைமையையும் இவற்றோடு சேர்த்து யதார்த்தம் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டால், கோபால் நாயக்கருக்கு வைக்கத் தமிழில் ரிஃப்ராக்டரி என்பதைத் தவிர வேறு பெயர் இருக்காது.