புடவை கட்டிய ஜாஸ் குரல்

(மவுண்ட் ரோடு நிலவறையில் தொடங்கிய ஓர் இசை வரலாறு)

இயந்திரவியல் பிரிவு முன்னாள் மாணவர், ஒரகடம்



"உங்க துறையைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வெல்டிங் ரோபோவைப் பற்றியும் தரக் கட்டுப்பாட்டைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வல்லக்கோட்டை வழியாகத் திரும்பும்போது நான் கேட்கிற பாட்டைப் பற்றி எழுதட்டுமா என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். எனவே இது ஒரு குரலின் வரலாறு.

குரலுக்குச் சொந்தக்காரர் உஷா உதுப். நெற்றி நிறையப் பொட்டு, கை நிறைய வளையல், நம்ம காஞ்சிபுரம் பட்டு. தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 'டிஸ்கோ பாடகி' என்று பலர் அவரை ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த டிஸ்கோ பாட்டுகளுக்கு வெகு முன்பே, சென்னையில், ஆங்கில ஜாஸ் பாட்டுகளையும் பாப் பாட்டுகளையும் தன் பாணியில் பாடி மேடை ஏறியவர் அவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எது ஸ்டாண்டர்ட்?

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். நமக்கு 'ஸ்டாண்டர்ட்' என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை. போல்ட் எங்கே செய்தாலும் அளவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஜாஸ் இசையிலும் 'ஸ்டாண்டர்ட்' என்ற சொல் உண்டு. ஆனால் அங்கே கதை தலைகீழ். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்பதால்தான் அதற்கு ஸ்டாண்டர்ட் என்று பெயர். தெரிந்த பாட்டு என்பதாலேயே ஒவ்வொருவரும் அதை வேறு மாதிரி பாட வேண்டும். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் பாடினால் சங்கதியும் நிரவலும் வேறு வேறாக வரும் இல்லையா? ஏறக்குறைய அதே கதைதான்.

ஓர் உதாரணம். 'ஃபீவர்' என்ற பாட்டை 1956-ல் லிட்டில் வில்லி ஜான் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் முதலில் பாடினார். பின்னால் வாத்தியக் குழு, சாக்ஸபோன் எல்லாம் உண்டு. 1958-ல் பெக்கி லீ அதே பாட்டை எடுத்தார். பெரும்பாலான வாத்தியங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பேஸ், கொஞ்சம் டிரம்ஸ், விரல் சொடுக்கு, இவ்வளவுதான் வைத்துக்கொண்டார். குரலையும் தணித்தார். காய்ச்சல் என்று சத்தம் போட்ட பாட்டு, உடம்பு நிஜமாகவே கொதிக்கிற பாட்டாக மாறிவிட்டது! குறைத்தால் கூடும் என்பது நம் டிசைன் வகுப்பில் மட்டும் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை போலிருக்கிறது.

மைக் செய்த மாயம்

இப்படித் தணிந்த, கிறக்கமான குரலில் பாடுவது நூறு வருஷத்துக்கு முன்னால் நடக்காத காரியம். அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உரக்கத்தான் பாட வேண்டும். 1925-ல் மின்சார முறையில் ஒலிப்பதிவு வந்தது. மைக் வந்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாட முடிந்தது. பில்லி ஹாலிடே (1915-1959) போன்றவர்கள் மைக்கையே ஒரு வாத்தியமாக ஆக்கிக்கொண்டார்கள். தாளத்துக்கு ஒரு இழை பின்தங்கி வந்து, கடைசி நொடியில் சேர்ந்துகொள்வது அவர் வழக்கம்.

எலெக்ட்ரானிக்ஸ் தம்பிகளுக்கு ஒரு தகவல். ஒரு திசையிலிருந்து மட்டும் ஒலி வாங்கும் மைக்கில், வாய் கிட்டப் போகப் போகத் தாழ்ந்த அதிர்வெண்கள் கூடுதலாகப் பதிவாகும். குரல் கனமாகும், வெதுவெதுப்பாகும். பாடுபவர் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொள்வது வெறும் ஸ்டைலுக்காக இல்லை. அதில் இயற்பியல் இருக்கிறது.

சினிமாவில் கிளப் பாடகி

நம் ஊருக்கு இந்த இசை பெரும்பாலும் சினிமா வழியாகத்தான் வந்தது. 1964-ல் வந்த 'புதிய பறவை' படத்தை நினைத்துப் பாருங்கள். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், பி. சுசீலா குரலில், சௌகார் ஜானகி பாடுவதாக ஒரு கிளப் பாட்டு. இன்று கேட்டாலும் முதல் தரமான ஜாஸ் வாடை. ஆனால் கதையில் அந்தப் பாடகி யார்? குடும்பத்தைக் குலைப்பவள். நம் படங்களில் கிளப்பில் பாடுகிற பெண் என்றாலே பெரும்பாலும் கவுன் போட்டவள், வில்லனின் ஆள், கடைசி ரீலுக்குள் சாகிறவள் அல்லது திருந்துகிறவள். அந்த இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைப் பாடுகிற பெண்ணுக்கு மரியாதை கிடையாது. அப்படி ஒரு காலத்தில்தான் உஷா மேடை ஏறினார்.

நைன் ஜெம்ஸ்

உஷா 1947 நவம்பர் 7-ல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பம்பாய் போலீஸில் அதிகாரி. அக்காமார் 'சாமி சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் மேடைகளில் பாடியவர்கள். வீட்டில் ரேடியோ ஓயாது. ஹிந்துஸ்தானியும் ஓடும், ரேடியோ சிலோனின் ஆங்கிலப் பாட்டும் ஓடும். முறையான சங்கீதப் பயிற்சி மட்டும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பிலிருந்து அவரை வெளியே அனுப்பினார்கள். குரல் ரொம்பக் கனம், மற்றப் பெண்களோடு சேரவில்லை என்பது காரணம். ஆனாலும் பெண்ணிடம் இசை இருக்கிறது என்று டீச்சர் கண்டுகொண்டார். தட்டுவதற்கு ஒரு முக்கோணக் கம்பியும் தாளக் கட்டையும் கொடுத்து ஓரமாக நிறுத்தி வைத்தார்களாம். இதை உஷாவே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அந்த டீச்சரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நாளில் தெற்கே சுசீலா, ஜானகி, வடக்கே லதா மங்கேஷ்கர். பெண் குரல் என்றால் உச்சத்தில் கம்பி மாதிரி நிற்க வேண்டும் என்பதுதான் நாடு முழுவதும் இருந்த 'ஸ்டாண்டர்ட்'. பொதுவாகப் பேச்சில் பெண்களின் குரல்நாண் நொடிக்குச் சுமார் 200 தடவையும், ஆண்களுக்குச் சுமார் 120 தடவையும் அதிரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் வந்து நின்றால் அதை எந்த டப்பாவில் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

1960களின் கடைசியில் உஷா ஐயராக இருந்த அவர் சென்னை வந்திருந்தார். மவுண்ட் ரோடில் சஃபையர் தியேட்டர் வளாகம். 1964-ல் திறந்தது. சஃபையர், புளூ டயமண்ட், எமரால்ட் என்று ஒரே கூரையின் கீழ் மூன்று தியேட்டர்கள். அந்தக் கட்டடத்தின் நிலவறையில் 'நைன் ஜெம்ஸ்' என்ற சின்ன நைட் கிளப். அங்கே ஒரு ராத்திரி பாடக் கூப்பிட்டார்கள். கவுன் இல்லை, பளபள உடை இல்லை. வீட்டில் எப்படி இருப்பாரோ அப்படியே, புடவையில் போய் மைக் முன்னால் நின்றார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்போது சென்னையில் மதுவிலக்கு அமலில் இருந்தது. 1971-ல்தான் தளர்த்தினார்கள். கிளப் என்றதும் சினிமா நமக்குக் காட்டுகிற புகையும் கிளாஸும் வேறு. இங்கே வந்தவர்களைக் கட்டிப்போட வேண்டியது பாட்டுதான். கட்டிப்போட்டது. ஒரு ராத்திரி பாட வந்தவரை ஒரு வாரம் இருந்து பாடச் சொன்னார் கிளப் முதலாளி.

கிளப் பாட்டு என்ற பெயர் மாறவில்லை, அந்தக் கிறக்கமும் குறையவில்லை. ஆனால் பாடுகிற பெண் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி இருந்தார். கேட்க வந்தவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கலாம் என்று ஆயிற்று. புடவை அவருக்கு வேஷம் இல்லை. அதனால்தான் அது எடுபட்டது.

அவருடைய ஆரம்ப கால இசைத்தட்டு ஒன்றின் பெயர் 'ஸ்காட்ச் அண்ட் சோடா', 1968. அதே காலத்தில் 'ஜம்பலாயா'வையும் பதிவு செய்தார். ஹாங்க் வில்லியம்ஸ் 1952-ல் பாடிய அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு அது. மூலத்தில் கிட்டாரும் ஃபிடிலுமாகத் துள்ளும். உஷா பாடும்போது உச்சரிப்பு தெளிவாக, குரல் அடியிலிருந்து கனமாக வருகிறது. அமெரிக்கப் பாடகி மாதிரி மூக்கால் பாட முயற்சியே இல்லை. பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண் பாடுகிறார் என்பதை மறைக்கவும் இல்லை. தெரிந்த பாட்டை எடுத்துத் தன்னுடையதாக ஆக்குவது என்றால் இதுதான்.

பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து கோர்ட் வரை

சென்னைக்குப் பிறகு கல்கத்தா. பார்க் ஸ்ட்ரீட்டில் 'டிரிங்காஸ்' என்ற ரெஸ்டாரன்ட். அந்தத் தெரு அப்போது இந்தியாவின் ஜாஸ் தெரு. பாம் கிரெய்ன் என்ற ஆங்கிலோ இந்தியப் பாடகி அங்கே ஜாஸ் ராணியாக விளங்கிய காலம். அந்த ஊரில் போய், அதே புடவையோடு உஷா இடம் பிடித்தார். அங்கேதான் ஜானி உதுப்பைச் சந்தித்து, பின்னாளில் மணந்து, உஷா உதுப் ஆனார்.

அதன் பிறகு சினிமா. 1970-ல் 'பாம்பே டாக்கி', அடுத்து 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'. தமிழில் 1975-ல் ஏ.பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்', குன்னக்குடி வைத்தியநாதன் இசை. 1990-ல் 'அஞ்சலி'யில் இளையராஜா இசையில் குழந்தைகளை விண்வெளிக்கு அழைத்துப் போகும் அந்தக் குரலும் இவருடையதுதான். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பாட்டுக்கு வேறு குரலை நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஆப்பிரிக்காவுக்கும் போய் 'மலைக்கா' என்ற ஸ்வாஹிலி பாட்டை அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடும்படி பாடினார்.

எல்லாம் மாலை மரியாதையாகவே போகவில்லை. 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, உஷா பாடுவது பண்பாட்டுச் சீரழிவு என்றார். அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை வந்தது. பாட்டு வகுப்பில் குரல் சேரவில்லை என்றார்கள். இப்போது பண்பாட்டோடு சேரவில்லை என்றார்கள். உஷா என்ன செய்தார்? பாணியை மாற்றிக்கொள்ளவில்லை, ஊரை விட்டும் போகவில்லை. கோர்ட்டுக்குப் போனார். ஜெயித்தார். இன்றைக்கும் அதே கல்கத்தாதான் அவர் ஊர்.

நம்ம எல்.ஆர். ஈஸ்வரி

இந்த வரலாற்றில் இன்னொருவரையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. எல்.ஆர். ஈஸ்வரி. கோரஸ் பாடிக்கொண்டிருந்தவருக்கு 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் வாய்ப்புக் கொடுத்தார். 1969-ல் 'சிவந்த மண்'ணில் சாட்டையடிப் பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் குரலில் ஒரு துடிப்பு வரும், கேட்கிறவர்களுக்கே வலிக்கும். 1972-ல் 'வெள்ளி விழா'வில் வி. குமார் இசையில் காதோரம் கிசுகிசுக்கிற மாதிரி ஒரு பாட்டு. பெக்கி லீ அமெரிக்காவில் செய்ததை நம் மொழியில், நம் மூச்சில் செய்து காட்டினார்.

'கவர்ச்சிப் பாட்டுக்காரி' என்று அவருக்கும் ஒரு முத்திரை. ஆனால் ஆடி மாசம் வந்தால் ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் கூழ் ஊற்றுகிற அம்மன் கோவில் ஒலிபெருக்கியில் யார் குரல்? அதே ஈஸ்வரி அம்மாதான்! கிளப்புக்கு ஒன்று, கோவிலுக்கு ஒன்று என்று அவர் இரண்டு குரல் வைத்திருக்கவில்லை. ஒரே குரல்தான். நாம்தான் அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டோம்.

காலம் மதிப்பெண்ணைத் திருத்தியது. 2011-ல் உஷாவுக்குப் பத்மஸ்ரீ. அதே ஆண்டு வந்த '7 கூன் மாஃப்' இந்திப் படப் பாட்டுக்காக ரேகா பரத்வாஜோடு சேர்ந்து ஃபிலிம்ஃபேர் விருது. அதே 2011-ல் எழுபதைத் தாண்டிய ஈஸ்வரி 'ஒஸ்தி' படத்தில் பாடி, பேரப் பிள்ளைகளை ஆட வைத்தார். 2024-ல் உஷாவுக்குப் பத்மபூஷண். டப்பாவில் அடங்காத குரல் என்று சொன்னவர்கள் கடைசியில் டப்பாவைத்தான் மாற்ற வேண்டி வந்தது.

தம்பி தங்கைகளுக்கு

நம் கல்லூரியில் படிக்கும் பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகும்போது "உன் இங்கிலீஷ் சரியில்லை, பேச்சில் ஊர் வாடை அடிக்குது" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். உழைத்துக் கற்றுக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம். உஷாவும் ஆங்கிலப் பாட்டை ஒழுங்காகக் கற்றுக்கொண்டுதான் மேடை ஏறினார். ஆனால் அமெரிக்கக் குரலை இரவல் வாங்கவில்லை. பாட்டைக் கற்பதும் குரலைத் தொலைப்பதும் ஒன்றல்ல.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சஃபையர் வளாகம் 1990களில் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. நைன் ஜெம்ஸ் இருந்த இடத்தில் இன்று பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயதிருக்கும். நம் அப்பா, பெரியப்பா, தாத்தா காலத்து ஆட்கள். அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது அவர்களிடம் கேளுங்கள். என்ன பாடினார்கள், யார் வாசித்தார்கள், டிக்கெட் எவ்வளவு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பரணில் பழைய இசைத்தட்டு கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பிளேயர் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. எல்லாரும் சேர்ந்து கேட்போம்.