உட்கார விடாத வலி

ஆல்காக் கால்வாய்! அனாடமி ஹாலில் உருப்போட்டது ஞாபகம் இருக்கா நண்பர்களே? 1836-ல் அயர்லாந்தின் பெஞ்சமின் ஆல்காக் விவரித்த அந்தக் குறுகிய வழியில்தான் புடெண்டல் நரம்பு போகிறது. வைவாவில் ஒப்பித்தோம், அத்தோடு சரி.

அந்த நரம்பு நசுங்கினால்? உட்கார்ந்தாலே எரிச்சல். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. "எல்லாம் மனப்பிரமை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். 1987-ல் பிரான்சில் அமரென்கோ குழுவினர் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். நாந்த் நகரத்து சர்ஜன் ரோஜர் ரோபேர், லிகமெண்டுகளுக்கு இடையே சிக்கிய நரம்பை விடுவித்தார். அவர் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில் மொத்தமே 32 பேர்தான். ஆனாலும் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது. ஓராண்டு கழித்து, ஆபரேஷன் ஆனவர்களில் 71 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. ஆகாதவர்களில் 13 சதவீதம். என்னைக் கேட்டால், மனப்பிரமைப் பேச்சுக்கு அதுவே போதுமான பதில்.

மின்தூண்டல் கதை வேறு. 1965-ல் மெல்சாக், வால் இருவரும் 'கேட்' கொள்கையைச் சொல்ல, 1967-ல் ஷீலி முதுகுத்தண்டருகே மின்முனை வைத்தார். திருகெலும்பு நரம்பைத் தூண்டும் கருவிக்கு 1997-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது, சிறுநீர்க் கோளாறுக்காக. இடுப்பு வலிக்கு அது பக்கவாட்டில் நுழைந்த விருந்தாளிதான்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: 2008-ல் வந்த நாந்த் அளவுகோலைப் படிச்சு வையுங்க. உட்கார்ந்தால் கூடும், தூக்கத்தைக் கலைக்காது, மரத்துப்போகாது, நரம்பில் மருந்து ஊசி போட்டால் தணியும்.