வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை (தமிழ்நாடு)

வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை என்பது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து வேலையின்றிக் காத்திருப்போருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் நிதியுதவி ஆகும்.

தகுதி

பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்திருக்க வேண்டும். எனவே, கல்லூரிப் படிப்பை முடித்த உடனே பட்டதாரிகள் இதனைப் பெற இயலாது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து வருதல் அவசியம். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. வயது வரம்பு 40. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இவ்வுதவி கிடையாது.

தொகை

பட்டதாரிகளுக்கு மாதம் 600 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் ஓராண்டு காத்திருந்தால் போதும். அவர்களுள் பட்டதாரிகளுக்கு மாதம் 1,000 ரூபாய்.

விண்ணப்பம்

குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தைச் சேர்ந்தோர் புதுக்கோட்டையிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை பெறுவதால் பதிவு மூப்பு பாதிக்கப்படுவதில்லை.