இல்லாததை விற்றவர் கதை

அண்மையில் ஒரு மாலை, தவளக்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். பங்குச் சந்தை சரிந்துகொண்டிருந்த வாரம் அது. "ஐயா, விலை ஏறினால்தான் லாபமா? இறங்கும்போதும் விற்று லாபம் பார்க்கிறார்களே! வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து நானும் இறங்கலாம் என்றிருக்கிறேன்" என்றார். நான் சரித்திரம் கற்பித்தவன். வியாபாரம் பழகியவன் அல்லன். ஆகவே அவருக்கு ஒரு சரித்திரத்தையே விடையாகச் சொன்னேன்.

அவர் கருதிய வியாபாரம் புதியதன்று. களஞ்சியத்தில் ஒரு மூட்டை நெல்கூட இல்லாத ஒருவன், தை மாதத்தில் நூறு மூட்டை இன்ன விலைக்குத் தருவதாக இன்றே பேசி முடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தையில் நெல் மலிந்தால், மலிந்த விலைக்கு வாங்கிக் கொடுத்து மிச்சத்தை மடியில் கட்டிக்கொள்வான். விலை ஏறிவிட்டாலோ, ஏறிய விலைக்கு வாங்கியாவது கொடுத்தே தீர வேண்டும். கையில் இல்லாத பங்கை விற்பதும் இத்தகையதே.

1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை, 1765 முதல் கவர்னராக இருந்து மீண்டும் எழுப்பியவர் ழான் லா தெ லோரிஸ்தோன். அவருடைய பெரிய தந்தையார் ஜான் லா, ஸ்காட்லாந்தில் பிறந்து பிரான்சின் நிதியையே ஆட்டிவைத்தவர். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை 1719-இல் தம் கம்பெனியோடு இணைத்துக்கொண்டதனால், நம் புதுச்சேரியும் அவர் கம்பெனியின் ஆளுகைக்குள் வந்தது.

தம் கம்பெனி ஓங்கினால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தாழும் என்பது லாவின் துணிபு. அத்துணிபின்மேல் அவர் பந்தயமும் கட்டினார். 1719 ஆகஸ்டில், சென்னைக் கோட்டையின் முன்னாள் கவர்னர் தாமஸ் பிட்டின் மகனான லண்டன்டெரி பிரபுவிடம், ஆங்கிலக் கம்பெனியின் 1,00,000 பவுன் முகமதிப்புள்ள பங்குகளை ஓராண்டு கழித்து 1,80,000 பவுனுக்குத் தருவதாக ஒப்பந்தம் செய்தார். அதாவது 100 பவுன் பங்குக்கு 180 பவுன். விலை அதற்கும் கீழே இறங்கும் என்பது அவர் கணக்கு.

நடந்தது வேறு. 1720-இல் லண்டனில் தென்கடல் கம்பெனிப் பங்குகளின்மேல் எழுந்த வெறி, மற்றக் கம்பெனிகளின் விலையையும் தூக்கிச் சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்கு அக்கோடையில் 400 பவுனையும் தாண்டியது. தவணை நாள் வந்தபோதும், பேசிய விலைக்கு வெகு மேலேயே நின்றது. இதற்கிடையே லாவின் காகிதப் பணம் மதிப்பிழந்து, பவுனில் தீர்க்க வேண்டிய கடன் மேலும் கனத்தது. அவருடைய லண்டன் பாங்கர் ஜார்ஜ் மிடில்டன், அவ்வாண்டின் முடிவில் பணம் கொடுப்பதை நிறுத்த நேர்ந்தது. லாவும் அதே டிசம்பரில் பிரான்சை விட்டு ஓடினார்; 1729-இல் வெனிஸ் நகரில் காலமானார்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1720-இன் இலையுதிர் காலத்தில் லண்டனில் விலைகள் சரியத்தான் செய்தன. ஆனால் லாவின் தவணை ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. வீழ்ச்சி வரும் என்று அறிவது ஒன்று. எந்நாளில் வரும் என்று அறிவது வேறொன்று. மேலும், 100 ரூபாய்க்குப் பங்கு வாங்கியவன் இழக்கக்கூடியது 100 ரூபாய். இல்லாததை விற்றவனின் இழப்புக்கு மேல்வரம்பே கிடையாது.

"விலை முன்னமே விழுந்துகொண்டிருக்கிறதே, ஐயா?" என்றார் மாணவர். 2020 மார்ச் 23-ஆம் நாள் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்து, 26,000-க்குச் சற்றுக் கீழே நின்றது. இன்னும் விழும் என்று அன்று எண்ணாதவர் சிலரே. அவ்வாண்டு முடிவதற்குள் அது 47,000-ஐத் தாண்டிவிட்டது. அன்று மாலை விற்றுவிட்டுக் காத்திருந்தவன் கதி என்னவாகியிருக்கும்?

ஏற்றத்தின் மேலாயினும் இறக்கத்தின் மேலாயினும், தவணை ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களைப் பற்றிச் செபி 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டு தொடங்கி மூன்று ஆண்டுகளில், 100 பேரில் 93 பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

இறக்கத்தை எதிர்பார்த்து விற்பவர் யாவரும் தீயோர் என்று நான் சொல்லவில்லை. பொய்யாய் ஏறிய விலையை மெய்யான அளவுக்கு இறக்க அவர்களும் உதவுகின்றனர். ஆனால் அது தவணையைத் தாங்கும் பெருமுதல் உடையோர் தொழில். ஓர் அரசின் கஜானாவையே கையில் வைத்திருந்தவரால் ஓராண்டு தாங்க முடியவில்லை. ஒரு வீட்டுப் பத்திரம் எத்தனை நாள் தாங்கும்?

விலை வீழும் காலத்தில் சிறுமுதலாளிக்கு உரிய வழிகள் சில உண்டு. நல்ல பங்கு இருந்தால் பொறுத்திருக்கலாம். அச்சமானால் தன்னிடம் உள்ளதை விற்று விலகலாம். ஒன்றும் இல்லாவிட்டால் வாளாவிருக்கலாம். இல்லாததை விற்பது மட்டும் வேண்டா. மாணவரிடம் நான் முடிவாகச் சொன்னது இதுதான்: "தம்பி, பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்த வீட்டில் நீ மட்டுமா குடியிருக்கிறாய்?"