தாய்மொழி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு அரசாங்கப் படிவத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம். அதில் தாய்மொழின்னு ஒரு கேள்வி இருக்கு. அதை எப்படி நிரப்பணும்னு வீடு வீடா போறவங்களுக்கு ஒரு விதியும் இருக்கு. சின்ன வயசில் அம்மா அவர்கிட்ட பேசின மொழி எதுவோ, அதுதான் தாய்மொழி. இதுவரைக்கும் பிரச்சினை இல்லை. அதே விதி இன்னொண்ணும் சொல்லுது: அவர் கைக்குழந்தையாகவோ, காது கேளாத வாய் பேசாதவராகவோ இருந்தால், அம்மா வழக்கமாகப் பேசும் மொழியை எழுதிக்கொள்ளவும்.

இதை ஒரு ஊரில் வச்சுப் பார்ப்போம். திண்டுக்கல்லில் இருந்து வடக்கே கரூர் பக்கமா போனா குஜிலியம்பாறை. மானாவாரி பூமி. திண்டுக்கல் மாவட்டத்தில் வீட்டுக்குள்ள தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசுற குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு தெலுங்கு வீட்டில் பிறவியிலேயே காது கேட்காத, முப்பது வயசுப் பெண் ஒருத்தர் இருக்காங்கன்னு வச்சுக்குவோம். ஒரு தெலுங்கு வார்த்தையைக்கூட அவங்க கேட்டதில்லை. பள்ளி விடுதியில் கூடப் படிச்ச தோழியோட வீடியோ காலில் மணிக்கணக்கா சைகை மொழியில் பேசுவாங்க, சண்டை போடுவாங்க, ஊர்க்கதை அளப்பாங்க. படிவத்தில் அவங்க தாய்மொழி தெலுங்கு. அந்த விதியைப் பொறுத்தவரை அவங்களும் ஆறு மாசக் குழந்தையும் ஒண்ணு. குழந்தையாவது வளர்ந்து அந்த வரியை விட்டு வெளியே வந்துடும்.

2011 கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் மொத்தம் 19,569. அதையெல்லாம் சலிச்சு, பத்தாயிரம் பேருக்கு மேல பேசுற மொழிகள் 121-ன்னு பட்டியல் போட்டாங்க. அதே கணக்கெடுப்பில் காது கேட்பதில் குறைபாடு உள்ளவங்க 50 லட்சத்துக்கு மேல. அந்த 121-இல் இந்திய சைகை மொழி கிடையாது. இத்தனைக்கும் உலக மொழிகளுக்குக் குறியீடு கொடுக்கிற ஐஎஸ்ஓ 639-3 தரத்தில் அதுக்கு ஐ-என்-எஸ்னு தனிக் குறியீடே இருக்கு. சாஃப்ட்வேர்காரங்க பாஷையில் சொன்னா, டேட்டாபேஸில் ஐடி இருக்கு, ஃபார்மில் அந்த ஆப்ஷன் இல்லை.

இந்த விடுபடல் திடீர்னு வந்ததில்லை. இதுக்குப் பின்னாடி நூத்தைம்பது வருஷக் கதை இருக்கு.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் அபே த லெப்பே என்ற பாதிரியார் காது கேளாதோருக்குப் பள்ளி நடத்தினார். சைகையிலேயே பாடம். அந்தப் பள்ளியில் படிச்சு அங்கேயே ஆசிரியரான லோரான் கிளேர், தானும் காது கேளாதவர், அமெரிக்கா போய் 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கக் காரணமா இருந்தார். அதனால் அமெரிக்க சைகை மொழிக்கும் பிரெஞ்சு சைகை மொழிக்கும் உறவு உண்டு. பிரிட்டிஷ் சைகை மொழி வேற குடும்பம். இங்கிலீஷ் பேசுற இரண்டு நாடுகளுக்கு, ஒண்ணுக்கொண்ணு புரியாத இரண்டு சைகை மொழிகள். சைகை மொழின்னா பேச்சு மொழியைக் கையால் காட்டுறதுன்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒண்ணே போதும்.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு. வந்தவங்க 164 பேர். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வாய்ப்பேச்சுதான் சைகையைவிட உயர்ந்தது, வகுப்பில் அதையே பயன்படுத்தணும்னு தீர்மானம் போட்டாங்க. ஆதரவு 160, எதிர்ப்பு 4. அதுக்கப்புறம் பல நாடுகளில் சைகை தெரிஞ்ச காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போச்சு. பிள்ளைகளை உதட்டைப் பார்த்துப் படிக்கச் சொன்னாங்க, கையை அசைச்சா தண்டனை. அந்தத் தீர்மானத்தை நிராகரிச்சு வருத்தம் தெரிவிக்க, அதே மாநாட்டுத் தொடருக்கு 2010 வரை ஆச்சு. 130 வருஷம்.

இந்தியாவில் முதல் பள்ளிகள் வந்தது மிலானுக்கு அப்புறம்தான். 1880-களில் பம்பாய், 1893-இல் கல்கத்தா, 1890-களின் கடைசியில் நம்ம பாளையங்கோட்டை. பாளையங்கோட்டைப் பள்ளியைத் தொடங்கின ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் பெயரில்தான் அது இன்னைக்கும் நடக்குது. குஜிலியம்பாறையில் இருந்து அங்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல. பஸ் ஏத்தி விட்டா விடுதிதான்.

அந்த விடுதிதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையோட மையம். காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல பிறக்கிறது காது கேட்கும் பெற்றோருக்கு. வீட்டில் சோறு, தண்ணி, மாடு, அப்பான்னு கொஞ்சம் கைஜாடை உருவாகும். அதை வச்சு நேத்து நடந்ததையோ, நாளைக்கு என்ன செய்யலாம்ங்கறதையோ விரிவா பேச முடியாது. விடுதிக்கு வந்ததும் மூத்த பிள்ளைகள் கிட்ட இருந்து சின்னப் பிள்ளைகள் முழு மொழியைப் பிடிச்சுக்குவாங்க. வகுப்பில் உதடு, வகுப்புக்கு வெளியே கை, இப்படித்தான் நம்ம நாட்டில் பல பள்ளிகளில் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கு. தாயிடம் இருந்து வராம, பக்கத்துக் கட்டில்காரரிடம் இருந்து வந்த மொழி. கணக்கெடுப்பு விதி அம்மாவைத்தானே கேட்குது?

இந்த மொழியோட சேர்ந்து ஒரு பண்பாடும் வளர்ந்திருக்கு. கூப்பிடணும்னா தோளைத் தட்டுவாங்க, தரையை உதைப்பாங்க, லைட்டை அணைச்சுப் போடுவாங்க. எல்லார் கையும் எல்லாருக்கும் தெரியற மாதிரி வட்டமா உட்காருவாங்க. கைதட்டலுக்குப் பதிலா இரண்டு கையையும் தூக்கி விரல்களை அசைப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. கன்னத்தில் மச்சம் இருந்தா அந்த மச்சமே பெயராகலாம். நமக்கு அது கிண்டலாத் தெரியும், அங்கே வெறும் அடையாளம். சந்திச்சா பிரியவே மாட்டாங்க, வாசலில் விடைபெறுறது மட்டும் ஒரு மணி நேரம் போகும். தன் மொழி தெரிஞ்ச ஆளை அடுத்து எப்போ பார்ப்போம்னு தெரியாதவங்க வேற எப்படி இருப்பாங்க?

இது மொழிதான்னு உலகம் ஒத்துக்கிட்டது ரொம்பத் தாமதமா. வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தின வில்லியம் ஸ்டோக்கி, 1960-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசைவு. நம்ம எழுத்துகள் சேர்ந்து சொல் ஆகிற மாதிரி இவை சேர்ந்து சைகை ஆகுதுன்னு காட்டினார். கூட வேலை பார்த்தவங்களே முதலில் சிரிச்சாங்க.

நம்ம நாட்டில் அந்த வேலையைத் தொடங்கினவர்களில் முக்கியமானவர் மதன் வசிஷ்டா. இமாச்சலத்தில் ஒரு கிராமத்துப் பையன், பதினொரு வயசில் காது போச்சு. அமெரிக்காவில் படிச்சுட்டு, 1970-களின் கடைசியில் அமெரிக்க மொழியியலாளர்களோட சேர்ந்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர்னு நாலு ஊர் சைகைகளைப் பதிவு பண்ணார். சுமார் முக்கால் பங்கு சொற்கள் பொது. அதுக்கப்புறம் உல்ரிக்கே சேஷான் என்ற ஜெர்மன் மொழியியலாளர் இலக்கணத்தை ஆராய்ஞ்சார். கராச்சியிலும் டெல்லியிலும் இலக்கணம் கிட்டத்தட்ட ஒண்ணு! எல்லைக் கோடு கைகளுக்குத் தெரியலை.

அந்த இலக்கணம் தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. கேள்விக்குப் பொதுவா ஒரே ஒரு சைகை. முகம்னு காட்டி அதைச் சேர்த்தா 'யார்', நேரத்தோடு சேர்த்தா 'எப்போது'. கேள்விச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், மறுப்பும் அப்படித்தான். ஆணுக்கு மீசை, பெண்ணுக்கு மூக்குத்தி. இது எந்த மண்ணில் விளைஞ்சதுன்னு அந்த மூக்குத்தியே சொல்லிடும். 2007-இல் வந்த ராதாமோகன் படத்துக்கு 'மொழி'ன்னு பேர் வச்சது, அந்த வகையில், பல அரசாங்க ஆவணங்களைவிடச் சரியானது.

சட்டம் என்ன சொல்லுது? 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில், பேச்சு மொழியும் சைகை மொழியும் இரண்டுமே மொழி. காது கேளாதோர் பண்பாடு என்ற சொல்லே அதில் இருக்கு. நம்ம 2016 சட்டத்தில் காது கேளாதவர் யார்னா, இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவர். சலுகைக்கு அளவு வேணும், ஒத்துக்கறேன். ஆனா அந்த வரையறையில் காது மட்டும்தான் இருக்கு, கை இல்லை. 2015-இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் வந்தது. 2018-இல் 3,000 சொல்லோட அகராதி, 2021-இல் அது 10,000. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கு, இதை 23-ஆவதா சேர்க்கணும்னு காது கேளாதோர் அமைப்புகள் கேட்டுக்கிட்டே இருக்காங்க.

இடையில் ஒண்ணு. முதலமைச்சர் காப்பீட்டில் சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துறாங்க, நல்ல விஷயம். ஆனா அதைக் காட்டி 'இனி சைகை எதுக்கு'ன்னு கேட்கிறது மிலானோட குரல்தான். கருவி வச்ச குழந்தை இரண்டு மொழி கத்துக்கிட்டா யாருக்கு என்ன நஷ்டம்?

சரி, படிவத்துக்கு வருவோம். அடுத்த கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணுற கட்டம் 2027 பிப்ரவரியில். இந்த முறை நாமே இணையத்தில் நிரப்பிக்கற வசதி உண்டுன்னு அறிவிச்சிருக்காங்க. வீட்டுக்கு வர்றவர் கேள்வியை அம்மாகிட்டதான் கேட்பார். இணையத்தில்னா குஜிலியம்பாறைப் பெண் தானே போனை எடுத்து நிரப்பலாம். தாய்மொழிங்கற கட்டம் வரும்போது அதில் அவங்க மொழியை எழுத விடுவாங்களா, எழுதினா அதை எண்ணுவாங்களா, இல்லை பழைய விதிப்படி அம்மாவோட மொழிக்கே மாத்திடுவாங்களா? உங்க வட்டத்தில் காது கேளாத நண்பர் யாராவது இருந்தா, பிப்ரவரிக்கு முன்னாடி இதை அவங்களோட பேசி வச்சுக்கோங்க.