மைதானத்தின் வாயில் யாருக்குத் திறந்தது?

விளையாட்டரங்குகளின் வரலாறு பெரும்பாலும் இருக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்படுகிறது. வாயில் யாருக்கு, எந்த ஆண்டில் திறந்தது என்று கேட்டால் வேறொரு காலவரிசை கிடைக்கும்.

பூனா, மும்பை: தோல் தொழிலாளர் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1890களில் பூனாவின் ஐரோப்பியர் மன்றத்தில் ஆடுகளப் பணியாளராக இருந்து பந்துவீச்சைக் கற்றார். இந்து அணி அவரது திறமையை ஏற்றது; தேநீரையோ அரங்கிற்கு வெளியே, தனி மண்குவளையில் தந்தது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் அவர் 100 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். ஆயினும் அணித்தலைமை மறுக்கப்பட்டது. 1920இல் அவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார்.

புரூக்ளின்: அமெரிக்காவின் உயர்நிலைத் தொழில்முறை பேஸ்பால் ஏறத்தாழ 60 ஆண்டுகள் கறுப்பினத்தவரை விலக்கி வைத்தது. அதற்கு எழுதப்பட்ட விதி தேவைப்படவில்லை. அணி உரிமையாளர்களின் உடன்பாடே போதுமானதாயிற்று. 1947 ஏப்ரல் 15 அன்று எபெட்ஸ் ஃபீல்டு அரங்கில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கி அத்தடையை உடைத்தார். அந்த அரங்கம் 1960இல் இடிக்கப்பட்டது. அவர் அணிந்த 42ஆம் எண் 1997இல் எல்லா அணிகளிலும் அவர் நினைவாக ஓய்வளிக்கப்பட்டது.

சேலம் சமவெளி: எடப்பாடி வட்டாரத்து விசைத்தறி ஊர்களில் இளைஞர் கிரிக்கெட் என்பது டென்னிஸ் பந்தும் தரிசு நிலமுமே. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் அவ்வாறே ஆடி வளர்ந்த தங்கராசு நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே பயணத்தில் இதைச் செய்த முதல் இந்தியர் அவரே. 2020இல் வாழப்பாடி அருகே சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் திறக்கப்பட்டது. 2023 ஜூனில் நடராஜன் தம் ஊரிலேயே ஒரு மைதானத்தைத் திறந்தார்.

தனிமனிதரின் வெற்றியால் ஒரு ஊருக்கு மைதானம் வந்தது. மற்ற ஊர்களின் காலனி இளைஞர்களுக்கு எஞ்சியிருப்பது பொதுநிலமே. அதில் அவர்கள் நுழைவது எவருடைய சலுகையும் அன்று. பொது இடங்களில் சாதியின் பெயரால் தடை கூடாதென்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. ஊர்ப் பொதுவளத்தைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பதை, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே வரையறுக்கிறது. ஊர்த்திடல் எந்தப் புல எண்ணில், எவ்வகை நிலமாகப் பதிவாகியுள்ளது என்பதை வருவாய்ப் பதிவேட்டில் அறிந்துகொள்வது அவ்வுரிமையைக் கோருவதன் முதற்படி.